ஓட்டை ஓப்பனிங் ஆட ஆசையா? இந்த ஐந்தில் எது உங்களுக்கு

கடந்த சில வாரங்களில் மூன்று பேர் சதுரங்க ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) பற்றி ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் கல்லூரி மாணவர், ஸ்டாஃபோர்ட் கேம்பிட் (தாக்குதலுக்காகக் காயையோ சிப்பாயையோ பலி கொடுக்கும் ஓப்பனிங்) வீடியோக்களைப் பார்த்து மயங்கிக் கிடக்கிறார். இன்னொருவர் ருய் லோபஸ் என்ற முறையான ஓப்பனிங்கையே வருடக்கணக்கில் ஆடிச் சலித்துப் போனவர். மூன்றாமவர் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே நான்கு பேருடன் தினமும் ஆடுபவர், "ஒரு தடவையாவது அவங்க முகம் மாறணும்ண்ணா" என்கிறார். மூன்று பேருக்குமே தெரியும், தாங்கள் கேட்பது சரியான ஓப்பனிங் இல்லை என்று. தப்பு என்று தெரிந்தே ஆடுவதில் எது பரவாயில்லை என்பதுதான் கேள்வி.

"ஒழுங்கா ஒரு ஓப்பனிங்கைப் படி தம்பி" என்று சொல்ல எனக்கு வாய் வராது, ஏனென்றால் நானும் பல வருடமாக இந்தப் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அதனால் நான் ஆடிப் பார்த்து அடிவாங்கிய ஐந்தை எடுத்து ஒப்பிடுகிறேன்: ஸ்டாஃபோர்ட், எங்லண்ட், ஹாலோவீன், லாட்விய கேம்பிட், காக்ரேன்.

## எதை வைத்து அளப்பது

பெரும்பாலானவர்கள் பொறியின் அழகைப் பார்த்து ஓப்பனிங்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எட்டே நகர்த்தலில் மேட், ராணியைக் கொடுத்து மேட், இப்படி. பொறி விழுந்தால் எந்த ஓப்பனிங்கும் நல்ல ஓப்பனிங்தான், அதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. நான் பார்ப்பது வேறு நான்கு விஷயங்கள்.

ஒன்று, அந்த நிலை எத்தனை முறை பலகையில் வரும். எதிராளியின் மூன்று நகர்த்தல்களை நம்பி நிற்கும் ஓப்பனிங்கை நாள் முழுக்கப் படித்துவிட்டு மாதத்துக்கு ஒருமுறை ஆடுவது வீண். இரண்டு, எதிராளி தவறாக ஆட வேண்டிய இடத்தில் அந்தத் தவறு இயல்பாகக் கைக்கு வருகிறதா, இல்லை அவர் தூங்கினால்தான் வருமா. மூன்று, எதிராளிக்குச் சரியான பதில் தெரிந்திருந்தால் என் கையில் என்ன மிச்சம் இருக்கும்? ஒரு ஆட்டமாவது மிச்சம் இருக்குமா, இல்லை நாற்பது நகர்த்தல் இழுபட்டுச் சாக வேண்டுமா? நான்காவதுதான் மறைவான செலவு. எதிராளி என் கேம்பிட்டுக்குள் வராமல் வேறு வழியில் போய்விட்டால் அங்கே ஆட நான் என்ன படித்து வைத்திருக்கிறேன்?

எனக்கு மூன்றாவதுதான் முக்கியம், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆச்சரியம் வேறு, ஓட்டை வேறு. 1980-இல் ஸ்வீடனின் ஸ்காராவில் நடந்த ஐரோப்பிய அணிப் போட்டியில் டோனி மைல்ஸ், அப்போதைய உலக சாம்பியன் கார்ப்போவின் ஈ4-க்கு (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை; காயின் பெயர் இல்லாவிட்டால் சிப்பாய் நகர்த்தல்) ஓரத்துச் சிப்பாயை ஏ6 என்று ஓரடி நகர்த்தினார், கடைசியில் ஜெயித்தும் விட்டார். சிரிப்பு வரவழைக்கும் நகர்த்தல், ஆனால் மைல்ஸ் அதற்காகக் காய் எதையும் கொடுக்கவில்லை, சிப்பாயைக்கூடக் கொடுக்கவில்லை, கொஞ்சம் நேரத்தைத்தான் கொடுத்தார். எதிராளியைத் திகைக்க வைப்பது மட்டுமே உங்கள் நோக்கம் என்றால் அது மலிவாகவே கிடைக்கும், கீழே உள்ள எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது. பலகையில் தீ எரிய வேண்டும் என்பவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

| ஓப்பனிங் | யார் ஆடுவது | எப்போது அமையும் | கொடுக்கும் விலை | பதில் தெரிந்தவரிடம் மிச்சம் |
|---|---|---|---|---|
| ஸ்டாஃபோர்ட் | கறுப்பு | பெட்ராஃப் தற்காப்பில் (ஈ4, ஈ5, குதிரை எஃப்3, குதிரை எஃப்6) வெள்ளை ஈ5-ஐ வெட்டினால் | ஒரு சிப்பாய், கெட்டுப்போன சிப்பாய் அமைப்பு | சில மிரட்டல்கள் |
| எங்லண்ட் | கறுப்பு | டி4 ஆடினாலே | ஒரு சிப்பாய், அலையும் ராணி | எதுவும் இல்லை |
| ஹாலோவீன் | வெள்ளை | நான்கு குதிரைகளும் வெளியே வந்தால் | ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரை | நடுப்பலகை, கொஞ்ச நேரத்துக்கு |
| லாட்விய கேம்பிட் | கறுப்பு | இரண்டாவது நகர்த்தலிலேயே | ராஜாவின் பாதுகாப்பு, சில வழிகளில் ஒரு சிப்பாயும் | மோசமான, ஆனால் உயிருள்ள ஆட்டம் |
| காக்ரேன் | வெள்ளை | எதிராளி பெட்ராஃபை முறைப்படி ஆடினால் | இரண்டு சிப்பாய்க்கு ஒரு குதிரை | முழு ஆட்டம் |

## ஸ்டாஃபோர்ட்: இணையத்தின் செல்லப்பிள்ளை

ஈ4, ஈ5, குதிரை எஃப்3, குதிரை எஃப்6. வெள்ளைக் குதிரை ஈ5 சிப்பாயை வெட்டுகிறது. இங்கே ஒழுங்கான ஆள் டி6 ஆடுவார், நாமோ சி6-க்குக் குதிரையைக் கொண்டுவந்து "வெட்டிக்கோ" என்கிறோம். வெட்டினால் டி-சிப்பாயால் திருப்பி வெட்டுகிறோம். ஒரு சிப்பாய் போய்விட்டது, சி வரிசையில் இரட்டைச் சிப்பாய் வேறு. பதிலுக்கு இரண்டு பிஷப்புக்கும் ராணிக்கும் வழி திறந்துகிடக்கிறது.

எரிக் ரோசன் என்ற அமெரிக்க இன்டர்நேஷனல் மாஸ்டர் நேரலைகளில் ஆடி ஆடியே இதை ஊரறியச் செய்தார். பொறிகள் ஒன்றல்ல, கொத்தாக இருக்கின்றன. மிகப் பிரபலமானது இது: வெள்ளை டி3 ஆடுகிறார், நாம் பிஷப்பை சி5-இல் வைக்கிறோம், அவர் பிஷப்பை ஜி5-க்குக் கொண்டுவந்து நம் குதிரையை ராணியோடு சேர்த்துக் கட்டிவிட்டதாக நினைக்கிறார். நாம் அந்தக் குதிரையாலேயே ஈ4-ஐ வெட்டுகிறோம். அவர் ராணியை எடுத்தால் பிஷப் எஃப்2-ஐ வெட்டி செக், ராஜா ஈ2-க்கு ஏற, மற்ற பிஷப் ஜி4-இல் வந்து மேட். அவர் ராணியை விட்டுவிட்டுக் குதிரையை வெட்டினாலோ, அதே எஃப்2 செக்கில் அவருடைய ராணி போகும்.

இரண்டாவது அளவுகோலில் ஸ்டாஃபோர்டுக்கு முழு மதிப்பெண் தருவேன். பிஷப்பை ஜி5-இல் வைத்துக் குதிரையைக் கட்டுவது நமக்கெல்லாம் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தது, கை தானாகப் போகும். ஈ5 என்று சிப்பாயைத் தள்ளிக் குதிரையை விரட்டுவதும் அப்படித்தான், அதற்கும் ஒரு பொறி இருக்கிறது.

ஆனால் பதில் தெரிந்தவரிடம்? டி3, பிறகு பிஷப்பை அடக்கமாக ஈ2-வில் வைத்து, அவசரப்பட்டு கேஸ்லிங் (ராஜாவை யானைப் பக்கம் ஒதுக்கிப் பாதுகாப்பது) செய்யாமல் சி3 ஆடி டி4-க்குத் தயாராகிறவர் வந்தால் நம் தாக்குதல் வற்றிவிடும். அல்லது குதிரையை சி3-இல் வைத்து ஹெச்3 ஆடி ஜி4 கட்டத்தை அடைத்துவிடுபவர். நாமும் ஹெச்5 தள்ளி, குதிரையை ஜி4-இல் குத்தி, "வெட்டு, ஹெச் வரிசை யானைக்குத் திறக்கும்" என்று ஆசை காட்டலாம். அவர் வெட்ட மாட்டார். வெட்டாவிட்டால் ஒரு சிப்பாய் குறைவு, அமைப்பும் கெட்டது, அவ்வளவுதான். இது இப்போது இவ்வளவு பிரபலமாகிவிட்டதால் அந்தப் பதிலைப் பார்த்து வைத்திருப்பவர்களும் பெருகிவிட்டார்கள். ஆச்சரியத்துக்காக எடுத்த ஓப்பனிங் யாரையும் ஆச்சரியப்படுத்தாமல் போவது கொஞ்சம் சோகம்தான்.

மறைவான செலவு இன்னொன்று, வீடியோக்களில் யாரும் அழுத்திச் சொல்லாதது. வெள்ளை மூன்றாவது நகர்த்தலில் ஈ5-ஐ வெட்டாமல் டி4 ஆடலாம், குதிரையை சி3-க்கு எடுக்கலாம், பிஷப்பை சி4-க்குக் கொண்டுவரலாம். அப்போது நீங்கள் ஆடிக்கொண்டிருப்பது பெட்ராஃப் தற்காப்பு, சதுரங்கத்திலேயே சாதுவான ஓப்பனிங்குகளில் ஒன்று. அதைப் படிக்காமல் ஸ்டாஃபோர்டை மட்டும் படித்தவர் அங்கே முழிப்பார். நான் முழித்திருக்கிறேன்.

எப்போது சரி: மூன்று நிமிடம், ஐந்து நிமிட ஆட்டம், ஒவ்வொரு முறையும் புதிய எதிராளி. அங்கே இதைவிட வேடிக்கை வேறில்லை.

## எங்லண்ட்: விட்டுவிடலாம்

டி4-க்கு ஈ5. ஸ்வீடன்காரர் ஃபிரிட்ஸ் எங்லண்டின் பெயர். சிப்பாயை வெட்டினால் குதிரை சி6, அப்புறம் ராணி ஈ7, பிஷப் எஃப்4-க்கு வந்தால் ராணி பி4-இல் செக் வைத்து, பி2 சிப்பாயையும் தின்றுவிடும். அந்த இடத்தில் வெள்ளை பிஷப்பை சி3-க்கு வைத்து ராணியைப் பிடித்துவிட்டதாக நினைத்தால் நம் பிஷப் பி4-க்கு வரும், அதோடு கதை முடியும். ஒன்று யானை போகும், இல்லையென்றால் ராணி சி1-இல் வந்து மேட்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேபிட் போட்டியில் பத்து வயதுகூட இருக்காத ஒரு பையனிடம் இதை ஆடினேன். நான் பி2-வைத் தின்றதும் அவன் பிஷப்பைத் தொடவே இல்லை, குதிரையை சி3-இல் வைத்துக் கடிகாரத்தைத் தட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். அவன் திரும்பி வரும்வரை நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ராணி அவன் வீட்டுக்குள் தனியாக நிற்கிறது, மற்ற காய்கள் பாதி எழுந்திருக்கவே இல்லை, அவனுக்கோ எல்லாம் வெளியே வர வழி இருக்கிறது. இருபது நகர்த்தலில் முடிந்தது.

இதற்கு ஒரே பலம், டி4 ஆடுபவர் யாராக இருந்தாலும் முதல் நகர்த்தலிலேயே அமைந்துவிடும். மூன்றாவது அளவுகோலில் பூஜ்யம். டி4-இல் தொடங்கும் லண்டன் சிஸ்டத்தை இயந்திரம்போல் ஆடும் ஆட்கள்மேல் கடுப்பிருந்தால், ஒரு நிமிட ஆட்டத்தில் எப்போதாவது வீசிப் பாருங்கள். அதற்குமேல் இதில் நேரம் போடாதீர்கள்.

## ஹாலோவீன்: மிரட்டலுக்கு ஒரு குதிரை

ஈ4, ஈ5, நான்கு குதிரைகளும் வெளியே வந்து நிற்கின்றன. உலகத்திலேயே தூக்கம் வரவழைக்கும் நிலை. அங்கே நான்காவது நகர்த்தலில் வெள்ளைக் குதிரை ஈ5 சிப்பாயை வெட்டுகிறது, அது சி6 குதிரையின் காவலில் இருக்கிறது என்று தெரிந்தே. முதல்முறை இதைப் பார்க்கும் எதிராளி மௌஸ் தவறிவிட்டதோ என்றுதான் நினைப்பார்.

அவர் குதிரையை வெட்டியதும் டி4 என்று தள்ளி விரட்டுகிறோம். அது சி6-க்குப் போனால் டி5, மறுபடி ஈ5-க்கு வந்தால் எஃப்4, ஜி6-க்கு ஓடினால் ஈ5 என்று அடுத்த குதிரையையும் விரட்டுகிறோம், அது பிறந்த வீடான ஜி8-க்கே திரும்பிவிடும். பிறகு டி6-உம் தள்ளலாம். ஒரு காய் அதிகம் வைத்திருப்பவர் மூச்சுத்திணறி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் சுகம் இருக்கிறதே, இந்த ஐந்தில் வேறு எதிலும் அது கிடையாது. மேட் ஆகாவிட்டாலும்கூட.

ஓட்டை எங்கே? முதல் விரட்டலிலேயே குதிரையை ஜி6-க்கு எடுத்து, அடுத்தது ஜி8-க்குத் திரும்பியதும், நாம் பிஷப்பை சி4-இல் வைக்கும்போது டி5 என்று ஒரு சிப்பாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் காய்களை அவிழ்த்துவிடுபவரிடம் நம் பாடு திண்டாட்டம். நாம் ஒரு காய் குறைவு, அவருக்கு மூச்சு வந்துவிட்டது. பேராசை இல்லாத எதிராளிதான் ஹாலோவீனுக்கு எமன்.

இதில் நான் கண்ட லாபம் ஒன்று உண்டு. ஸ்டாஃபோர்டில் தெரிய வேண்டியவை பொறிகள், மனப்பாடம் செய்தால் போதும். ஹாலோவீனில் நடுப்பலகைச் சிப்பாய்களை எப்போது தள்ளுவது, எப்போது நிறுத்தி வைப்பது, காய் குறைவாக இருக்கும்போது எந்தக் காய்மாற்றத்தைத் தவிர்ப்பது என்பதையெல்லாம் தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொள்கிறோம். அந்தப் பாடம் வேறு ஓப்பனிங்குகளிலும் உதவுகிறது.

எப்போது சரி: வீட்டிலும் அலுவலகத்திலும், பத்து நிமிட ஆட்டங்களில். நான்கு குதிரை நிலைக்குத் தானாக வருபவர்கள் அங்கேதான் அதிகம்.

## லாட்விய கேம்பிட்: கிறுக்குக்கும் ஒரு பரம்பரை உண்டு

ஈ4, ஈ5, குதிரை எஃப்3-க்கு எஃப்5. கறுப்பு ஆடும் ராஜாவின் கேம்பிட் (வெள்ளை இரண்டாவது நகர்த்தலில் எஃப்4 தள்ளுவது) என்று சொல்லலாம், ஒரு நகர்த்தல் பின்தங்கிய நிலையில். 17-ஆம் நூற்றாண்டு இத்தாலியர் கிரேகோவின் பெயரால் கிரேகோ எதிர் கேம்பிட் என்று அழைக்கப்பட்டது, பிறகு லாட்வியாவின் கார்லிஸ் பெட்டின்ஷும் அவரோடு சேர்ந்தவர்களும் இதைக் குடைந்து குடைந்து ஆராய்ந்ததால் அந்த நாட்டின் பெயரே ஒட்டிக்கொண்டது. 1955-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் லிங்கனில் நடந்த ஜூனியர் போட்டியில் விக்டர்ஸ் புபோல்ஸ் இதை ஆடினார். வெள்ளையில் இருந்த பன்னிரண்டு வயதுப் பையன் தோற்றான். பையன் பெயர் பாபி ஃபிஷர், பின்னாளில் உலக சாம்பியன்.

இதன் பெரிய வசதி, எதிராளியின் ஒத்துழைப்பு அதிகம் தேவையில்லை. ஈ4-க்கு ஈ5 ஆடினால் பெரும்பாலானவர்கள் குதிரையை எஃப்3-க்கு எடுப்பார்கள், உடனே நம் வேலை தொடங்கிவிடும். ஸ்டாஃபோர்டுக்காகப் பத்து ஆட்டம் காத்திருந்து ஒன்றில் ஆடுவதுபோல் இல்லை.

ஆனால் படிக்க வேண்டியது மலைபோல் இருக்கிறது. வெள்ளை எஃப்5-ஐ வெட்டினால் ஈ4 என்று தள்ளிக் குதிரையை விரட்டலாம், அது நமக்குப் பிடித்த வழி. பிஷப்பை சி4-க்குக் கொண்டுவந்தால் நம் ராணி ஜி5-க்குப் போய், ஜி2-வைத் தின்று, மூலையிலுள்ள யானையையும் தின்ன, நம் ராஜா டி8-இல் நிற்க, இரண்டு பக்கமும் வெட்டுக்குத்து. அங்கே ஒரு நகர்த்தல் மறந்தால் தோல்வி. முக்கியமான பதிலோ அமைதியானது: குதிரை ஈ5-ஐ வெட்டும், நம் ராணி எஃப்6-க்கு வரும், குதிரை சி4-க்குப் பின்வாங்கும். நாம் ஈ4-ஐத் திருப்பி வெட்டலாம், சிப்பாய் எண்ணிக்கை சமம்தான். ஆனால் நம் ராணி வெளியே அலைகிறது, அவர் குதிரைகளால் அதை விரட்டிக்கொண்டே காய்களை எடுக்கிறார், நம் ராஜாவுக்கு எஃப்-சிப்பாயின் கூரை இல்லை.

இருந்தாலும் ஆட்டம் செத்துவிடாது. எங்லண்டில் பதில் தெரிந்தவரிடம் மூச்சு நின்றுவிடும், இங்கே இன்னும் முப்பது நகர்த்தல் சண்டை போடலாம், எஃப் வரிசை திறந்திருக்கிறது, எதிராளிக்கும் பழக்கமில்லாத நிலை. மெனக்கெட்டுப் படிக்க நேரமிருப்பவர்களுக்கு, முக்கியமாக ஒரே வட்டத்து ஆட்களுடன் திரும்பத் திரும்ப ஆடுபவர்களுக்கு இதைச் சொல்வேன். அவர்கள் ஒரு கிளைக்குப் பதில் தேடிவந்தால் நீங்கள் இன்னொரு கிளைக்குத் தாவலாம்.

## காக்ரேன்: ஓட்டையா இல்லையா என்றே சந்தேகம்

ஸ்டாஃபோர்டில் கறுப்பு தவிர்க்கும் அந்த டி6-ஐ எதிராளி ஆடிவிட்டார் என்று வையுங்கள். இப்போது நாம் வெள்ளை. குதிரை பின்வாங்க வேண்டும், எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். நாம் அதை எஃப்7-க்குள் இறக்குகிறோம். ராஜா வெட்டியாக வேண்டும். டி4 என்று தள்ளி உட்கார்கிறோம். ஒரு குதிரைக்கு இரண்டு சிப்பாய், முழு நடுப்பலகை, கேஸ்லிங் உரிமை இழந்த ராஜா.

பெயர் ஜான் காக்ரேனுடையது, கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர். 1848-இல் அங்கே மகேஷ்சந்திர பானர்ஜியோடு ஆடியதுதான் இதன் தொடக்கம். அந்த பானர்ஜி ஆடிய தற்காப்புகளிலிருந்துதான் இந்தியன் டிஃபென்ஸ் என்ற பெயரே வந்தது என்பார்கள், அது தனிக்கதை. 1999-இல் லினாரெஸ் போட்டியில் கிராண்ட்மாஸ்டர் டோபலோவ் இதை இன்னொரு கிராண்ட்மாஸ்டரான க்ராம்னிக்குக்கு எதிராகவே ஆடி டிரா செய்தார். பெட்ராஃபில் க்ராம்னிக்கிடம் குதிரையைக் கொடுத்துவிட்டுத் தோற்காமல் எழுந்து வர முடிகிறது என்றால், நம் பேட்டைப் போட்டியில் தாராளமாக ஆடலாம்.

பொறியும் இயல்பானது. டி4-க்குப் பிறகு கறுப்புக் குதிரை ஈ4 சிப்பாயையும் பேராசையில் வெட்டினால் ராணி ஹெச்5-இல் செக், ஜி6-ஆல் மறைத்தால் ராணி டி5-இல் மறுபடி செக், ஈ4 குதிரை திரும்ப நம் கைக்கு வரும். விழாவிட்டாலும் கவலையில்லை, சிப்பாய்களை நிதானமாக நகர்த்தி நெருக்கலாம். குறை ஒன்றே ஒன்று: எதிராளி பெட்ராஃப் ஆட வேண்டும். நிறைய பேர் ஆட மாட்டார்கள். ஆனால் அதற்காகத் தனியாகப் படிக்க வேண்டியதும் குறைவு, ஈ4 ஆடும் எவரும் சட்டைப்பையில் ஒரு சில்லறைபோல் வைத்துக்கொள்ளலாம்.

## பட்டியலில் சேர்க்காதவை

ராஜாவின் கேம்பிட்டை ஏன் விட்டீர்கள் என்று கேட்பீர்கள். அது ஓட்டை இல்லை. 1960-இல் மார் டெல் பிளாட்டாவில் ஸ்பாஸ்கி அதை வைத்து ஃபிஷரை ஜெயித்தார், அடுத்த வருடமே ஃபிஷர் அதை முறியடித்துவிட்டதாகக் கட்டுரை எழுதினார், இன்னமும் ஆட்கள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஜெரோம் கேம்பிட் இரண்டு காய்களைக் கொடுத்துவிட்டு ராணியால் செக் வைத்துக் கும்பிடுவது, அது நகைச்சுவை. இரண்டாவது நகர்த்தலிலேயே ராஜாவை வெளியே இழுக்கும் போங்க்ளவுட் பற்றிக் கேட்காதீர்கள். 2021-இல் முன்னணி கிராண்ட்மாஸ்டர்களான கார்ல்சனும் நகமுராவும் இருவருமே அதை ஆடிச் சிரித்துக்கொண்டே டிரா செய்தார்கள், அந்த ஆட்டத்தின் முடிவால் இருவருக்கும் எதுவும் மாறப்போவதில்லை என்பதால்.

## யாருக்கு எது

ஸ்டாஃபோர்ட் மயக்கத்தில் இருக்கும் தம்பிக்கு: ஆடு, ஆனால் இணையத்தில் மட்டும், அதுவும் பிளிட்ஸில் (சில நிமிட ஆட்டத்தில்) மட்டும். ரேட்டிங் போட்டியில் கிளாசிக்கல் ஆட்டத்துக்கு இதைக் கொண்டுபோகாதே. அங்கே எதிராளிக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்கும், பிஷப்பை ஈ2-வில் வைக்க மேதை தேவையில்லை. உன் பழைய ஆட்டங்கள் தரவுத்தளத்தில் இருந்தால் முந்தின இரவே பார்த்துவிட்டு வருவார். இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. எல்லா வெற்றியும் பதினைந்து நகர்த்தலுக்குள் வந்தால் எண்ட்கேம் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டம்) பக்கமே போக மாட்டாய். யானை எண்ட்கேம் வரும் நாளில் அது தெரியும்.

ருய் லோபஸில் சலித்தவருக்கு: வெள்ளையில் காக்ரேனைச் சேர்த்துக்கொள்ளுங்கள், கறுப்பில் லாட்விய கேம்பிட்டுக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். உங்களுக்கு அடிப்படை இருக்கிறது, ராஜா திறந்துகிடந்தாலும் சமாளிப்பீர்கள்.

அலுவலக நண்பருக்கு: ஹாலோவீன். நான்கு பேரும் நான்கு முறை திகைப்பார்கள், ஐந்தாவது முறை ஒருவர் வீட்டில் பார்த்துவிட்டு வருவார், அப்போதும் ஆட்டம் மிச்சம் இருக்கும்.

என் மாமா முப்பது வருடமாக நான்கு குதிரை நிலையைத் தவிர வேறு ஆடியதில்லை. தீபாவளிக்குப் போனபோது மூன்று ஆட்டத்தில் ஹாலோவீன் ஆடி மூன்றிலும் அவரைக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வைத்தேன். பொங்கலுக்குப் போனால் ஆள் உஷாராகிவிட்டார், மூன்றாவது நகர்த்தலில் குதிரையை எடுக்காமல் பிஷப்பை சி5-க்குக் கொண்டுவந்துவிட்டு "இப்ப என்ன பண்ணுவே" என்று சிரிக்கிறார். அந்த நிலையில் அதே குதிரையால் அதே ஈ5-ஐ வெட்டலாம், அவர் திருப்பி வெட்டியதும் டி4 தள்ளினால் பிஷப்பையும் குதிரையையும் ஒரே சிப்பாய் தாக்கும், கொடுத்த காய் திரும்ப வந்துவிடும், முழுக்கச் சரியான ஆட்டம். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.